விரல் கட்டிக்கொண்ட காலம்

அந்தக் கடைத்தெருவில் கண்ணாடியக்கா என்றால்தான் அவளைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையின் கடைசி மேசை அவளுடையது. முன்னால் நின்று சிரித்துப் பேசி விற்பது முதலாளியின் வேலை. காதில் மாட்டுகிற கால் ஒடிந்தது, மூக்குப் பிடி விழுந்தது, வில்லை ஆடுகிறது என்று வருகிறவர்கள் நேராக அவளிடம் போய்விடுவார்கள். சட்டத்தைச் சூடு காட்டி வளைப்பாள். கடுகை விடச் சின்னத் திருகாணியை இடுக்கியால் எடுத்து, துளையில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்குவாள். மாட்டிப் பார்த்தவர், முகத்தில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

அவளுடைய கல்யாணமே ஒரு திருகாணியில் தொடங்கியதுதான். மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடும் ஒருவர், கால் கழன்ற கண்ணாடியோடு ஒருநாள் கடைக்கு வந்தார். பிறவியிலேயே காது கேட்காதவர். அது தெரிந்ததும் முதலாளி தொண்டை கிழியக் கத்திப் பேசினார்; கத்தினால் கேட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவள் கத்தவில்லை. காதோரத்தில் இரண்டு விரலை வைத்துத் திருகிக் காட்டி, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினாள். அவர் சிரித்தார். அதற்கப்புறம் வாரம் தவறாமல் அந்தக் கண்ணாடியின் கால் கழன்றது. தானே கழற்றிக்கொண்டு வந்தார் என்பது, கழுத்தில் மாலை விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

காது கேட்காதவர்களின் கைப்பேச்சில் ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. எழுத்துக் கூட்டிச் சொல்கிற பெயரல்ல, ஒற்றை அசைவில் வருகிற பெயர். அவருக்கு அவள் வைத்தது அந்த முதல் நாள் அசைவையேதான்: காதோரத்தில் இரண்டு விரல், ஒரு திருகல். அவள் பெயர், கன்னத்தில் குழி விழுகிற இடத்தை ஒரு விரலால் தொடுவது. அவருடைய அக்காவுக்கு, அதாவது மாடி வீட்டில் இருந்த நாத்தனாருக்கு, முதலில் இது பிடிக்கவில்லை. தன் தம்பியை மறை கழன்றவன் என்று இவள் ஊர் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். விளக்கம் கேட்டு அடங்கிய பிறகும் ஒரு குறை பாக்கி இருந்தது.

"அவனைப் பத்தி வாயால பேசினா 'ங்க' போடுற. கையால பேசும்போது அவன் என்ன, உன் கூடப் படிச்சவனா?"

"கைக்கு 'ங்க' போட வராதே அண்ணி. மனசுக்குள்ள போட்டுக்கிறேன்."

மனசுக்குள் போட்டாளோ இல்லையோ, அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சாயங்காலம் சமையலறை விளக்கைப் போட்டால் இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துவிடுவார்கள். பட்டறையில் யார் யாரை முறைத்தார்கள், கடையில் எந்தக் கிழவர் இளவட்டச் சட்டம் கேட்டு அடம் பிடித்தார் என்று எல்லாம் வரும். அவர் விரல் நுனியில் வார்னிஷ் மணக்கும். மகள் பிறந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தச் சாயங்காலம் மட்டும் தேயவில்லை.

சண்டைக்கும் அந்த வீட்டில் தனிச் சட்டம் இருந்தது. மற்ற வீடுகளில் கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இங்கே கையைக் கட்டிக்கொள்வார்கள். கைகள் அக்குளுக்குள் போய்விட்டால் 'உன்னோடு பேச்சு இல்லை' என்று அர்த்தம். அதற்கும் மேலே போனால், விளக்கை அணைப்பது. இருட்டில் அவருக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை. அது பெரிய ஆயுதம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை எடுத்து, அவர் இருட்டில் நின்ற நிலையைப் பார்த்து வெட்கப்பட்டு, பிறகு அவள் தொட்டதே இல்லை.

அப்படி இருந்த வீட்டில்தான் மார்பில் ஒரு கட்டி வந்து நின்றது.

அறுவை, ஊசி மருந்து, கதிர் சிகிச்சை என்று புற்றுநோய் அவளைப் போட்டுப் புரட்டி எடுத்தது. முடி கொட்டியது, முளைத்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கூட வருவார். ஆனால் டாக்டர் அறைக்குள் வரமாட்டார். தாழ்வாரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்து என்ன செய்ய, எல்லோரும் வாயசைப்பதை வேடிக்கை பார்க்கவா என்பார். அவள் வெளியே வந்து சொல்வதுதான் அவருக்கு நோயின் முழுக்கதை. அவளோ, பாதியைத்தான் சொல்வாள்.

கடைசியில் டாக்டரம்மா சிரித்த முகமாக, சிகிச்சை முடிந்தது என்றார். ஒரே ஒரு மாத்திரை மட்டும் தினம். ஹார்மோனை அடக்கி வைக்கிற மாத்திரை. நோய் திரும்பி வராமல் காவல் இருக்கும். ஐந்து வருஷம் விடக்கூடாது. மூட்டு வலி வரலாம், வந்தால் உடனே சொல்லுங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் அவள் காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை. பிழைத்துவிட்டோம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வேறு எந்தச் சொல் நிற்கும்?

வலி திருடன் மாதிரி வந்தது. முதலில் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தன, யாரோ ராத்திரி கணுவுக்குக் கணு பசை ஊற்றிவிட்டுப் போனதுபோல. வெந்நீரில் கையை விட்டால் கொஞ்சம் இளகும். பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கால், நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்கு முன் மனசுக்குள் ஒரு தடவை எழுந்து ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. கடையில் திருகாணிகள் இடுக்கியிலிருந்து நழுவி விழுந்தன. முழங்காலும் மடங்காமல், விரலும் பிடிக்காமல், தரையில் அவள் அதைத் தேடுகிற கோலத்தைப் பார்த்த முதலாளி, தானே குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? செத்துப் பிழைத்தவள் என்று சொந்தமெல்லாம் வந்து கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருக்கிறது. உயிரையே திருப்பிக் கொடுத்த பிறகு விரல் வலிக்கிறது என்று முனகினால், நன்றி கெட்ட ஜென்மம் என்று தெய்வமே நினைக்காதா? இப்படித்தான் அவள் நினைத்தாள். உடம்பு மட்டும் அவள் நினைப்பைக் கேட்டு நடக்கவில்லை.

கடையில் சமாளித்துவிட்டாள். வீட்டில்தான் மாட்டிக்கொண்டாள். கைப்பேச்சு முழுக்க விரல்தானே. ஒரு கணு மடங்காவிட்டால் ஒரு சொல் குழறும். குழறினால் அவர், 'என்ன, என்ன' என்று கேட்பார். திரும்பச் சொன்னால் திரும்ப வலிக்கும். அவள் சொற்களைக் குறைத்தாள். கதை சுருங்கி வாக்கியமானது. வாக்கியம் சுருங்கித் தலையாட்டல் ஆனது. காதோரத்துத் திருகல் இருக்கிறதே, அவருடைய பெயர், அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது. அவர் பெயரைச் சொல்வதை நிறுத்தினாள். தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். வலி இல்லாதபடி கைகளுக்கு இதமான ஓர் இடம்தான் இருந்தது. கதகதப்பாக, அக்குளுக்குள்.

அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை, வலியில் அவள் மறந்தே போனாள்.

அவர் மறக்கவில்லை. மனைவி கையைக் கட்டிக்கொண்டாள், ஏதோ கோபம். என்ன செய்தோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டார். ஒழுகுகிற குழாயைச் சரி செய்தார். அவளுக்குப் பிடிக்காத பழைய சட்டையைத் தூக்கிப் போட்டார். அதுவும் பலிக்காமல், வீட்டில் இருந்த மேசை நாற்காலிக்கெல்லாம் உட்கார்ந்து பாலிஷ் போட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் உட்காரப் போய், வழுக்கி, நாற்காலி ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம் ஆனாள். "வீடா இது, சறுக்குமரமா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே போனாள். மனைவி சிரித்தாள். ஆனால் கையை வெளியே எடுக்கவில்லை. அவர் அதைத்தான் பார்த்தார்.

கொஞ்ச நாளில் அவரும் பேச்சைக் குறைத்தார். பதில் வராத இடத்தில் ஒருவர் எவ்வளவு நாள்தான் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்? சாயங்காலம் விளக்கு எரிந்தது. மேசை பளபளத்தது. இரண்டு ஜோடிக் கைகளும் கட்டியபடி இருந்தன. காது கேட்கிற வீடுகளில் மௌனம் என்றால் சத்தம் இல்லாமல் இருப்பது. இந்த வீட்டில் மௌனம் என்றால் அசைவு இல்லாமல் இருப்பது. உயிர் இல்லாத மாதிரி. இவருக்குத் தன்னிடம் சலித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டு, குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் எதற்குத் தண்ணீரைத் திறந்தாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில் மகள் வீடு மாற்றினாள். உதவிக்கு அம்மா போனாள். பெட்டிகளோடு பெட்டியாக மாத்திரைப் பொட்டலம் எங்கேயோ போய்விட்டது. நாளைக்கு வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம் என்று வாரங்கள் ஓடின. திரும்பி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, காலையில் காபி டம்ளரைப் பிடித்தவள் திகைத்து நின்றாள். விரல்கள் மடங்கின. நிமிர்ந்தன. சொன்னபடி கேட்டன. மாத்திரை நின்றதும் வலியும் நின்றிருந்தது.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலம், பையைக்கூட இறக்காமல், காதோரத்தில் இரண்டு விரலை வைத்துத் திருகினாள். அவர் பெயர். அவர் அப்படியே நின்றார். பிறகு அவள் பேசினாள், பேசினாள், மகளின் புது வீட்டு ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டு நாய் வரை எதையும் விடவில்லை. அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு சொல்லையும் தவறவிடக்கூடாதே.

இனி அந்த மாத்திரையை அவள் எப்படி விழுங்குவாள்?

ஆனால் காலையில் மாத்திரையும் தண்ணீருமாக எதிரில் நிற்பது அவர் வழக்கம். அவள் வாயில் போடுகிற மாதிரி போட்டு உள்ளங்கையில் ஒதுக்கினாள். மருந்தைக் குப்பையில் எறிய மனசு வரவில்லை. உயிர் காக்க வந்ததை எறிந்தால் உயிரையே எறிந்த மாதிரி இருந்தது. வீட்டில் உதிரித் திருகாணிகள் போட்டு வைக்கிற தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் போட்டு மூடினாள். தினமும் மூடும்போது, இன்னும் கொஞ்ச நாள், கொஞ்சம் பேசித் தீர்த்துக்கொள்கிறேன், பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று யாரிடமோ கெஞ்சினாள். குளிக்கும்போது தழும்பைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தினாள். கைக்கு ஏதாவது தட்டுப்பட்டுவிடுமோ என்ற பயம்.

ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது அவர் மேசையில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியின் கால் நிஜமாகவே கழன்றிருந்தது. அவளுக்கு எதற்குச் சிரமம் என்று, முதல் தடவையாகத் தானே முடுக்கப் பார்த்திருக்கிறார். தகரப் பெட்டி திறந்திருந்தது. திருகாணிகள் ஒரு பக்கம். வெள்ளை மாத்திரைகள் ஒரு பக்கம், சின்னக் குவியலாக.

"இது என்ன?" என்று அவர் கை கேட்டது.

அவள் பெட்டியின் மூடியை எடுத்து மூடப் போனாள்.

"தினம் என் கண்ணு முன்னாடிதானே போட்ட. என்னை ஏமாத்துறதுக்கா நான் தண்ணி எடுத்துக்கிட்டு நின்னேன்?"

அவர் கைகள் இவ்வளவு வேகமாகப் பேசி அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் அறை மாதிரி வந்தது. வாழ விருப்பமில்லையா, என் மேல் அவ்வளவு வெறுப்பா, முதலில் கையைக் கட்டினாய், இப்போது உயிரையே விடப் பார்க்கிறாயா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். அவளால் பார்க்க முடியவில்லை. காது கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வதுபோல, அவள் எட்டி விளக்கை அணைத்தாள்.

சமையலறைக்கு ஜன்னல் இல்லை. மிச்சமிருந்த சாயங்காலமும் உள்ளே வரவில்லை. இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு ஒரு சத்தம். அவள் திடுக்கிட்டாள். அவர் தன் குரலை வெளியே விடுகிறவரல்ல. சின்ன வயதில் அதைக் கேட்டுத் தெருவே சிரித்ததாம், அன்றைக்குப் பூட்டியவர். மகள் பிறந்தபோதுகூட அவர் சத்தமில்லாமல்தான் அழுதார். இப்போது அந்தப் பூட்டு உடைந்துவிட்டது. சொல் இல்லை, எழுத்து இல்லை. பாரம் தாங்காமல் மரம் முறிகிற மாதிரி ஒரே ஒரு குரல். தன்னிடம் மிச்சமிருந்த ஒரே வழியால் அவர் அவளைக் கூப்பிட்டார்.

அவள் தடவித் தடவி விளக்கைப் போட்டாள். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"நீ பேசலைன்னா நான் பொறுத்துக்குவேன்," என்றது அவர் கை, இப்போது மெதுவாக. "நீ இல்லைன்னா நான் யார்கிட்ட பேசுவேன்?"

"பேச முடியாமத்தான் இருந்தேன்," என்று அவள் சொன்னாள். "கோபமில்ல. ஒரு நாளும் கோபமில்ல. வலிங்க. இந்த மாத்திரை போட்டா விரல் மடங்காது. உங்க பேரைச் சொன்னா கண்ணுல தண்ணி வந்துடும். அதனாலதான் கட்டிக்கிட்டேன்."

அவர் அவள் கைகளைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, ஏதோ எழுதியிருக்கிறதைப் படிப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிடித்திருந்த கையால் பேச முடியாது. விட்ட பிறகு அவர் முதலில் கேட்டது இதுதான்.

"அப்போ, அத்தனை நாற்காலிக்கும் நான் பாலிஷ் போட்டது வீணா?"

அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் தாழ்வாரத்தில் உட்காரவில்லை. டாக்டரம்மாவின் அறைக்குள் வந்து, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். டாக்டரம்மா பேசப் பேச அவள்தான் கையால் சொல்ல வேண்டும். தன்னைத் திட்டுவதைத் தானே மொழிபெயர்க்கிற நிலைமை. மாத்திரையை இப்படிச் சொல்லாமல் நிறுத்தலாமா, எவ்வளவு ஆபத்து என்று டாக்டரம்மா நீளமாகக் கடிந்துகொண்டதை, 'கவனமாக இருக்கச் சொல்கிறார்' என்று சுருக்கினாள். அவர் டாக்டரம்மாவின் புருவத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் வாய் அசைஞ்சதுக்கு இவ்வளவுதான் சொன்னாங்களா? முழுசா சொல்லு."

முழுசாகச் சொன்னாள். வேறு வழியில்லை.

திட்டி முடித்த டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. இந்த வலி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை, நிறையப் பேருக்கு வருகிறது. வலி பொய்யும் இல்லை, வலிக்கிறது என்று சொல்வது நன்றிகெட்டதனமும் இல்லை என்றார். இதே காவலுக்கு வேறு மாத்திரைகளும் உண்டு. இன்னும் சில நாள் இடைவெளி விட்டு, தானே நாள் சொல்லி வேறொன்றைத் தொடங்குவதாகச் சொன்னார். தினம் நடக்க வேண்டும், வலித்தாலும் மெதுவாக. காலையில் வெந்நீர் ஒத்தடம், விரலுக்குப் பயிற்சி, ரொம்பவும் தாங்காத நாளுக்கு ஒரு வலி மருந்து. "முழுசா போகும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா சொல்லாம மட்டும் இருக்காதீங்க." அவள் இதைக் கணவருக்குச் சொன்னபோது, அந்தக் கடைசி வரியை அவர் அவளிடமே திருப்பிச் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக.

டாக்டரம்மா சொன்னதுபோலவே வலி முழுசாகப் போகவில்லை. புது மாத்திரையில் பாதியாகக் குறைந்தது என்று சொல்லலாம். சில நாள் பாதிக்கும் மேல், சில நாள் பழையபடி. நாத்தனார் சேதி கேட்டு இறங்கி வந்தாள். இத்தனை நாள் இவளைத் திமிர் பிடித்தவள் என்று இவள் மகளிடமே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது சாயங்கால நடைக்குத் துணையாகச் சேர்ந்துகொண்டாள். முதல் வளைவு தாண்டுவதற்குள் அவளுக்கே மூச்சு வாங்கும். "உனக்கு மருந்து மூட்டைப் பிடிக்குது, எனக்கு வயசே பிடிக்குது, நட நட," என்பாள்.

கடையில் அவள் திருப்புளியின் பிடி ஈர்க்குச்சி மாதிரி மெலிசு. அதைப் பிடிக்கத்தான் விரல்கள் மறுத்தன. அவர் பட்டறையில் ஒரு துண்டு மரத்தைக் கடைந்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற தடிமனில் புதுப் பிடி மாட்டிக் கொடுத்தார். அதற்கும் பாலிஷ் போட்டிருந்தார், ஆனால் வழுக்காத பாலிஷ். காலை வேளையில் திருகாணி வேலை வேண்டாம், சட்டம் வளைக்கிற வேலையை முதலில் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் அவளே கேட்டாள். அவர் சரி என்றார். வாய் திறந்து கேட்டால் இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

வீட்டில் பேச்சு மாறியது. தொண்டை கட்டிக்கொண்டவர் பேசுவதைப் பக்கத்தில் போய்க் கேட்பதில்லையா, அப்படி அவர் நாற்காலியை மேசையின் இந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். குழறின சொல்லுக்கு 'என்ன' என்று கேட்பதை விட்டுவிட்டு, காத்திருக்கப் பழகினார். அவள் புருவத்தாலும் முழங்கையாலும் பாதியைச் சொன்னாள். கைகளை வெந்நீரில் விட்டுக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அவர்தான் பேசினார், அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் இப்போது கோபம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

பெயர் ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஒருநாள் காலை, வலி பழையபடி பிடித்த நாளில், அவரைக் கூப்பிட அவள் காதோரம் விரலைக் கொண்டுபோனாள். பாதியில் முகம் சுளித்தது. அவர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். விரல்களை விரித்தபடியே, மடக்காமல், மேசைமேல் தட்டையாக வைத்தார். தன் கையை அதன் மேல் வைத்து ஒரு வட்டம் இழுத்தார். பட்டறையில் அவர் தினமும் செய்கிற அசைவு. துணியைப் பிடித்து மரத்தின் மேல் பாலிஷ் தேய்க்கிற வட்டம்.

"இனிமே இதுதான் என் பேரு," என்றார். "விரலே வேண்டாம். தோள் இருந்தாப் போதும்."

"இத்தனை வருஷப் பேரை விட்டுக்கொடுப்பீங்களா?"

"பேரு எதுக்கு? நீ கூப்பிடத்தானே."

அவர் தண்ணீர் எடுத்து வந்து எதிரில் நின்றார். அவள் மாத்திரையை நாக்கில் வைத்து, அவர் பார்க்க விழுங்கி, குழந்தை மாதிரி வாயைத் திறந்தும் காட்டினாள். டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் பாதி திரும்பியபோது, மடங்காத கையை மேசையில் வைத்து, தோளிலிருந்து மெதுவாக ஒரு வட்டம் இழுத்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.